போத்தனூரில் திறக்கப்பட்ட வேகன்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலேறினால் போத்தனூரைத் தாண்டித்தான் போகவேண்டும். 1921 நவம்பர் 20, நள்ளிரவு கடந்த நேரம். இதே நிலையத்தில்தான் அந்த வேகனின் கதவைத் திறந்தார்கள்.

மலபார் கிளர்ச்சியில் பிடிபட்ட சுமார் 100 பேரை முந்தைய மாலை திரூரில் ஒரே வேகனுக்குள் அடைத்துப் பூட்டியிருந்தது ஆங்கிலேய அரசு. பெரும்பாலோர் மாப்பிள்ளை முஸ்லிம்கள்; இந்துக்கள் சிலரும் உண்டு. பெல்லாரி சிறைக்குக் கொண்டுபோவதாகத் திட்டம். காற்று வரவேண்டிய கம்பிவலையைப் பெயிண்டும் தூசியும் அடைத்திருந்தன. ஷொர்ணூரிலும் ஒலவக்கோட்டிலும் ரயில் நின்றது. யாரும் கதவைத் திறக்கவில்லை. போத்தனூரில் திறந்தபோது பலர் மூச்சுத்திணறி இறந்துகிடந்தார்கள். பிழைத்தவர்களிலும் சிலர் பிறகு இறக்க, பலியானோர் 70 பேர். உடல்கள் திரூருக்கே திரும்பின. இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன்.

திரூரில் கப்ருகள் இருக்கின்றன. வேகன் டிராஜெடி பெயரில் நகர மண்டபமும் இருக்கிறது. 2018இல் திரூர் ரயில் நிலையச் சுவரில் இச்சம்பவத்தை ஓவியமாகத் தீட்டினார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் ரயில்வே அதை அழித்துவிட்டது. சுவரை நம்பினால் இதுதான் கதி.

சுவரே வேண்டாத ஒரு வழி இப்போது வந்திருக்கிறது. ஆக்மென்டட் ரியாலிட்டி என்பார்கள். குறிப்பிட்ட இடத்தில் நின்று செல்போன் கேமராவைத் தூக்கினால், எதிரே தெரியும் காட்சியின் மேலேயே கலைஞர் வரைந்தது தோன்றும். ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும். அது சில மீட்டர் பிசகும் என்பதால் அங்கே ஒரு பலகையையும் அடையாளமாக வைப்பார்கள். அமெரிக்கக் கலைஞர் ஜான் கிரெய்க் ஃப்ரீமன், மெக்சிகோ எல்லையில் புலம்பெயர்ந்தோர் இறந்துகிடந்த இடங்களில் இப்படித்தான் எலும்புக்கூட்டு உருவங்களை எழுப்பிக் காட்டினார்.

போத்தனூருக்கு எலும்புக்கூடு தேவையில்லை, இறந்தவர்களுக்கு நாம் முகம் வரைவதும் சரியல்ல. அசல் அளவில் பூட்டிய வேகன் ஒன்று, அதன் மேல் ஒவ்வொன்றாக எழும் பெயர்கள், அவ்வளவு போதும் என்பது நம் கருத்து. எத்தனை சிறிய பெட்டிக்குள் எத்தனை பேர் என்பதைப் பாடப்புத்தகம் சொல்லிப் பிள்ளைகளுக்குப் புரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால் புரியும்.

ஆனால் செயலியும் சுவர் மாதிரிதான். லேயர் என்ற செயலியை நம்பிச் செய்த படைப்புகள் அது மூடப்பட்டதும் முடங்கின. ஆகவே பெயர்ப்பட்டியலையும் ஆவணங்களையும் அச்சிலும் வைத்திருக்க வேண்டும். இன்னொன்று, போனைப் பார்த்தபடி தண்டவாளத்தை நோக்கி யாரும் நடந்துவிடக் கூடாது. காட்சியைப் பிளாட்பாரத்தில் வைக்காமல் நிலையத்தின் வெளிமுற்றத்தில் வைப்பதே நல்லது.