கச்சான் குடிக்கிற பெட்ரோல்!

"வண்டி என்ன சார் மைலேஜ் தருது?"

பழைய மாருதி 800 வைத்திருக்கும் யாரிடமாவது இப்படிக் கேட்டுப் பாருங்கள். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "பதினெட்டு... ஹைவேஸ்ல இருபதைத் தொடும்!" என்பார். அளந்து பார்த்தாரா? அதெல்லாம் கிடையாது. வண்டி வாங்கிய அன்று புரோக்கர் சொன்னது, அப்படியே மனப்பாடம்! சம்பளத்தைப் பற்றியும் மைலேஜைப் பற்றியும் ஆண்பிள்ளைகள் உண்மை பேசியதாக சரித்திரமே இல்லை.

நம்ம நண்பரும் அந்த ஜாதிதான். வீடு ராமநாதபுரத்தில், ஆபீஸ் ராமேஸ்வரத்தில். வழக்கமாக பஸ்தான். ஆனால் அம்மாவுக்கு முழங்கால் வலி. பஸ் படி ஏற முடியாது. அக்கா வீடு ராமேஸ்வரத்தில் இருப்பதால், வாரம் இரண்டு நாள் அம்மாவைக் கூட்டிப் போய் அங்கே விட்டுவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வர வேண்டும். அதற்காகவே மாமாவிடமிருந்து 1999 மாடல் மாருதி ஒன்று கைமாறியது.

போக 55, வர 55. வாரத்துக்கு 220 கிலோமீட்டர். மூன்றாவது மாதமே மனிதர் முகம் வாடிவிட்டது.

"பெட்ரோலுக்கே மாசம் ஏழாயிரத்துக்கு மேல போகுதுய்யா. பரமக்குடி புரோக்கர் ஒருத்தன் கேக்கிறான். தள்ளிவிட்டுடலாமா?"

"அம்மா?"

பதில் இல்லை.

கேள்வி அத்தனை சுலபமில்லை. 1983 டிசம்பர் 14-ம் தேதி இந்திரா காந்தி முதல் வண்டியின் சாவியைக் கொடுத்ததில் ஆரம்பித்து, 2014 ஜனவரியில் உற்பத்தியை நிறுத்தும் வரை 25 லட்சத்துக்கும் மேல் ஓடிய வண்டி இது. 796 சி.சி., மூன்று சிலிண்டர், எடை சுமார் 650 கிலோ. குடிகார வண்டி என்று அதற்கு எப்போதும் பெயர் இருந்ததில்லை. அப்படியிருக்க, பெட்ரோல் எங்கே போகிறது?

முதலில் அளக்க வைத்தேன். பங்க்கில் டேங்க்கை நிரப்பி, குழாய் தானாக 'டக்'கென்று நின்ற இடத்தோடு நிறுத்த வேண்டும். "ரவுண்டா போடுப்பா" என்று மேலே சொட்டுச் சொட்டாக ஊற்றக்கூடாது. மீட்டரைக் குறித்துக்கொண்டு, டேங்க் காலியாகும் சமயம் அதே பங்க்கில், அதே குழாயில், மறுபடி 'டக்' வரை. ஓடின கிலோமீட்டரை ஊற்றின லிட்டரால் வகுத்தால் போதும்.

317 கிலோமீட்டர். 26 லிட்டர். நண்பரின் 'பதினெட்டு', பன்னிரண்டு சொச்சமாகச் சுருங்கிவிட்டது!

மெக்கானிக் அண்ணனிடம் போனோம். பானெட்டைத் திறப்பார் என்று பார்த்தால், மனிதர் வண்டியை சமதரையில் நிறுத்தி, நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டு, பின்னால் போய் ஒரு கையால் தள்ளினார். அசையவில்லை. தோளைக் கொடுத்துத் தள்ளினார். முனகிக்கொண்டே நகர்ந்தது.

"சார், நீங்க பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ராமேஸ்வரம் போயிட்டு வர்றீங்க!"

பின் சக்கர டிரம்மைக் கழற்றினால் ஒரே துரு. ஹேண்ட் பிரேக் கேபிள் உறைக்குள்ளேயே இறுகிப் போயிருந்தது. லீவரை இறக்கினாலும் பிரேக் முழுசாக விடாது. எல்லாம் உப்புக் காற்றின் உபயம்! மண்டபத்தைத் தாண்டினால் இரண்டு பக்கமும் கடல். கடலோரத்தில் நிற்கும் வண்டிக்குக் கண்ணுக்குத் தெரிகிற கதவுத் துருவைப் பற்றித்தான் நாம் கவலைப்படுகிறோம். பெட்ரோலைத் தின்பது கண்ணுக்குத் தெரியாத இந்தத் துரு.

வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, கடைசியில் அதிகம் பிரேக் பிடிக்காமல் நிறுத்துங்கள். நான்கு சக்கரங்களின் பக்கத்திலும் கையைக் கொண்டு போங்கள் (தொட வேண்டாம், கொப்புளித்துவிடும்!). ஒன்று மட்டும் அடுப்பு மாதிரி தகித்தால், பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்னொன்று: ராத்திரி கடற்கரை ஊரில் தங்கினால், சமதரையாகப் பார்த்து முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். ஹேண்ட் பிரேக்கை இழுத்துப் போட்டே நாள்கணக்கில் நிறுத்தினால், ஒட்டிக்கொள்ளும்.

அடுத்த குற்றவாளி, சோக். 2000-ம் ஆண்டு வாக்கில் எம்.பி.எஃப்.ஐ. வருவதற்கு முந்தைய மாருதிகளில் காலையில் குளிர் எஞ்ஜினைக் கிளப்ப இழுக்கிற குமிழ் இருக்குமே, அதுதான். நண்பர் அதை ஒழுங்காக உள்ளே தள்ளித்தான் வந்திருக்கிறார். ஆனால் கேபிள் இறுகி, கார்புரேட்டர் பக்கத்தில் பாதியில் நின்றுவிட்டது. தேவைக்கு மேல் பெட்ரோல் உள்ளே போய், பாதி எரியாமல் புகையாக வெளியே! சைலன்சர் வாயில் விரலை விட்டுப் பார்த்தால் கண் மை மாதிரி ஒட்டியது.

ஏர் ஃபில்டரைத் தட்டியதில் தனுஷ்கோடி மணல் கால் படி தேறியது. மாற்றியாகிவிட்டது. பிளக் மூன்றையும்தான். அதிகச் செலவில்லை.

"மைலேஜ் செட்டிங் பண்ணிடலாமாண்ணே?" என்று ஆசையாகக் கேட்டார் நண்பர்.

"பண்ணலாம் சார். பெட்ரோலை ரொம்பக் குறைச்சா வண்டி இழுக்காது, எஞ்ஜின் சூடாகும். அப்புறம் பெட்ரோல்ல மிச்சம் புடிச்சதை எங்கிட்ட கொண்டாந்து கொடுப்பீங்க!"

அளவோடு வைத்து அனுப்பினார். நல்ல மனிதர்!

டயர் விஷயத்தில் மட்டும் நண்பரோடு எனக்குச் சண்டையே வந்தது. அவர் காற்று பார்க்கிற விதம், காலால் ஓர் உதை. 'திண்'ணென்று இருந்தால் சரியாம்! வண்டியோடு வந்த புத்தகத்தில் என்ன அளவு போட்டிருக்கிறதோ அதுதான் சரி. அதையும் காலையில், டயர் சூடேறுவதற்கு முன் பார்க்க வேண்டும். நம்ம ஊர் வெயிலில் ஐம்பது கிலோமீட்டர் ஓடின டயரில் அளந்தால், காற்று சூட்டில் விரிந்து அளவு கூடத்தான் காட்டும். "ஜாஸ்தி இருக்கு" என்று பிடுங்கி விட்டால், மறுநாள் காலை டயர் சப்பை!

சரி, தலைப்பில் இருக்கும் கச்சானுக்கு வருவோம்.

பழுது எல்லாம் பார்த்த பிறகும் நண்பருக்கு ஒரு சந்தேகம். "போறப்ப வண்டி பறக்குது. சாயங்காலம் திரும்பறப்ப மாட்டு வண்டியாட்டம் இழுக்குது. அதே ரோடு, அதே வண்டி. ஏன்யா?"

மாதம் ஜூலை. கச்சான் அடிக்கிற சீசன். தென்மேற்கிலிருந்து வருகிற இந்தக் காற்று கிழக்கே ராமேஸ்வரம் போகும்போது முதுகில் தள்ளும்; மேற்கே திரும்பும்போது முகத்தில் அறையும். மார்கழி வாடைக்கு எல்லாம் தலைகீழ். பாம்பன் மீனவர்களைக் கேட்டால் இதையெல்லாம் தூக்கத்தில் சொல்வார்கள். கார்க்காரர்களுக்குத்தான் தெரிவதில்லை!

கணக்கு ரொம்ப எளிது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். நீங்கள் 60-ல் போகிறீர்கள். எதிரே 25 கிலோமீட்டர் வேகத்தில் காற்று. வண்டியைப் பொறுத்தவரை அது 85-ல் வந்து மோதும். எதிர்ப்பு இரண்டு மடங்கு! அதே காற்று பின்னாலிருந்து வந்தால் வண்டிக்கு வெறும் 35தான். எதிர்ப்பு மூன்றில் ஒரு பங்காகிவிடும். ஆகவே போகும்போது 60, வரும்போது 50. பத்து கிலோமீட்டர் குறைத்ததில் வீட்டுக்குப் போக 55 நிமிடத்துக்குப் பதில் 66 நிமிடம்... கொஞ்சம் கூடக் குறைய ஆகலாம். அந்த நேரத்தில் டி.வி.யில் ஓர் அழுகைக் காட்சி தப்பிக்கும். நஷ்டமா?

1978-ல் ஆரம்பித்த பி.சி.ஆர்.ஏ. என்கிற மத்திய அரசின் பெட்ரோலிய சேமிப்பு அமைப்பும் சிக்கனத்துக்கு 45-லிருந்து 55 வரைதான் நல்ல வேகம் என்று சொல்லிக்கொண்டு இருக்கிறது. நாம்தான் காதில் போட்டுக்கொள்வதில்லை. மேலே வெறுமனே கிடக்கும் கேரியரையும் கழற்றிவிடுங்கள். கச்சானுக்கு அது கைப்பிடி!

மலையே இல்லாத ஜில்லா இது. ஏற்ற இறக்கம் என்றால் பாம்பன் ரோடு பாலம் மாதிரி ஒன்றிரண்டுதான். அந்தப் பாலத்தின் உச்சியில் எஞ்ஜினை அணைத்துவிட்டு, இறக்கத்தில் இனாமாக உருளுகிற புத்திசாலிகள் உண்டு. தயவுசெய்து வேண்டாம்! சாவியைத் தப்பாகத் திருப்பினால் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும், கீழே கடல். எம்.பி.எஃப்.ஐ. வண்டி என்றால் கியரிலேயே இருந்து ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே, இறக்கத்தில் பெட்ரோல் தானாக நின்றுவிடும். இனாம் ஏற்கெனவே கிடைத்துக்கொண்டுதான் இருக்கிறது.

"எல்லாம் எத்தனால் கலக்கிறதாலதான் சார்" என்று டீக்கடையில் ஒருவர். பாதி உண்மை. 2025-ல் நாடு முழுக்க பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் வந்துவிட்டது. அதற்கென்று செய்யாத கார்களில் மைலேஜ் 6, 7 சதவீதம் குறையலாம் என்று 2021-ல் வந்த நிதி ஆயோக் அறிக்கையே சொல்கிறது. அதாவது பதினேழு தருகிற வண்டியில் ஒரு கிலோமீட்டர் போச்சு. திட்டலாம்தான். ஆனால் நண்பருக்கு பிரேக்கும் சோக்கும் சேர்ந்து விழுங்கியது அதைப் போல நாலைந்து மடங்கு! எத்தனாலுக்கு நான் பயப்படுவது வேறு காரணத்துக்கு. பழைய ரப்பர் குழாய்களை அது உப்பவோ வெடிக்கவோ வைக்கும். காருக்குள் பெட்ரோல் வாசனை அடித்தால் முதல் வேலையாகக் குழாயைப் பாருங்கள். மைலேஜ் அப்புறம்.

அடுத்த டேங்க் அளந்தோம். லிட்டருக்குப் பதினேழை எட்டிப் பிடித்துவிட்டது. மாதம் இரண்டாயிரத்துச் சொச்சம் மிச்சம். பரமக்குடி புரோக்கர் போன் பண்ணினால் நண்பர் எடுப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மா கேட்டாராம்: "ஏப்பா, தனுஷ்கோடி கடைசி வரைக்கும் ரோடு போட்டுட்டாகளாமே?"

2017-லேயே போட்டாயிற்று, அரிச்சல்முனை வரைக்கும். அம்மாவுக்கு இந்தத் தீவுக்கு ரோடே இல்லாத காலம் ஞாபகம் இருக்கிறது. 1988-ல் பாம்பன் ரோடு பாலம் திறக்கும் வரை மண்டபத்தோடு பஸ்ஸெல்லாம் நின்றுவிடும், அப்புறம் ரயில்தான்.

நண்பர் மனசுக்குள் கணக்குப் போட்டார். போக வர 150 கிலோமீட்டர், ஒன்பது லிட்டர்...

"கிளம்பும்மா. காலையில வெள்ளனப் போயிருவோம். திரும்பறப்ப காத்து எதிர்ல இருக்கும், மெதுவாத்தான் வருவேன். பரவாயில்லையா?"

"எனக்கென்னப்பா அவசரம்?" என்றாராம் அம்மா.