மரியாள் என்னும் பெயர்



பங்குக் குரு ஒருவரின் கையில் பூசைப் புத்தகத்துக்கு அடுத்தபடியாக அடிக்கடி விரியும் ஏடு ஞானஸ்நானப் பதிவேடுதான். அந்த ஏட்டைப் பார்ப்பதில் என்னால் நேர்ந்த பிழை ஒன்றைச் சொல்லித்தான் இக்கட்டுரையைத் தொடங்க வேண்டியிருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன், எழுபது வயதை எட்டியிருந்த தாய் ஒருவர் வயதுச் சான்று வேண்டுமென்று வந்தார். பெயர் மரியம்மாள். தந்தையின் பெயரையும் தாம் பிறந்த ஆண்டையும் சொன்னார். 1949-ஆம் ஆண்டின் பக்கங்களைப் புரட்டினேன். பெயர் கிடைத்தது, தந்தையின் பெயரும் பொருந்தியது. நகலெழுதி, முத்திரையிட்டுக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் காலைப் பூசை முடிந்ததும் அவர் மீண்டும் வந்து நின்றார். பேத்தி சான்றிதழைப் படித்துக் காட்டினாளாம்.

"சாமி, இதிலே எங்க அம்மா பேரு இல்லீங்களே. வேற யாரோ பேரு இருக்குது" என்றார்.

ஏட்டை மறுபடி திறந்தேன். மூன்று வாரங்களுக்கு முந்திய தேதியில் இன்னொரு மரியம்மாள் இருந்தாள். ஊர் அதே ஊர். தந்தையின் பெயரும் அதே பெயர். தாயின் பெயர் மட்டுமே வேறு. இவருக்குரிய பதிவு அதுதான். முதல் பதிவைக் கண்டவுடன் தேடலை நிறுத்திவிட்டது என் அவசரம். மன்னிப்புக் கேட்டுக்கொண்டு புதிய சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். ஆனால் நான் முதலில் எடுத்துக் கொடுத்த அந்த மற்றொரு மரியம்மாள் யார் என்னும் கேள்வி மனத்தில் தங்கிவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் வீடுகளில் இப்பெயர் எத்தனை உருவங்களில் வழங்குகிறது! மரியம்மாள், மரியாயி, மரியபுஷ்பம் என்பவை நேர் வடிவங்கள். மாதாவின் பட்டங்களோடு கூடி ஆரோக்கியமேரி, லூர்துமேரி, சகாயமேரி, அமலோற்பவமேரி, வியாகுலமேரி எனக் கிளைத்தவை பல. பெயர் மறைந்து பட்டம் மட்டும் நின்றவையும் உண்டு: வேளாங்கண்ணி, அடைக்கலம், பெரியநாயகி. இவற்றுள் பின்னிரண்டும் வீரமாமுனிவரை நினைவூட்டுவன. ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கும் கோனான்குப்பத்தில் பெரியநாயகி மாதாவுக்கும் கோயில் எழுப்பியவர் அவர். ஆண்களும் இப்பெயரை விட்டுவைக்கவில்லை. மரியதாஸ், மரியசூசை, மரியந்தோணி என்று சூடிக்கொண்டார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் மரியம் பீவிகள் இருக்கிறார்கள். குர்ஆனின் 19-ஆம் அதிகாரத்தின் பெயரே மரியம் என்பதாகும்; அந்நூலில் சொந்தப் பெயரால் சுட்டப்படும் பெண்மணி அவர் ஒருவரே. மாரியம்மனுக்கும் இப்பெயருக்கும் உறவுண்டா என்று மறைக்கல்வி வகுப்பில் ஆண்டுதோறும் ஒரு சிறுவனாவது கேட்காமல் விடுவதில்லை. மாரி என்பது மழையைக் குறிக்கும் தமிழ்ச் சொல். எபிரேய மண்ணிலிருந்து வந்த மரியாளோடு அதற்கு ஓசை ஒற்றுமை உண்டேயன்றி வேர் ஒற்றுமை இல்லை.

அப்படியானால் மரியாள் என்பதன் பொருள்தான் என்ன? அறிஞர்கள் இதற்கு அறுபதுக்கும் மேற்பட்ட விளக்கங்கள் கூறியிருக்கிறார்கள். ஜெர்மானிய இறையியலாளர் பார்டன்ஹேவர் 1895-இல் இந்த ஒரு பெயருக்காகவே ஒரு நூல் எழுதினார். இருந்தும் முடிவு காணப்படவில்லை. எபிரேய மூலவடிவம் மிரியாம். அதைக் 'கசப்பு' என்னும் சொல்லோடு இணைத்தவர்கள் யூத குருமார். எகிப்தில் அடிமைத்தனம் கசந்த காலத்தில் பிறந்தவளாதலால் மோயீசனின் சகோதரி அப்பெயர் பெற்றாள் என்பது அவர்கள் கூற்று. யாத்திராகமத்தின் 15-ஆம் அதிகாரத்தைப் படிப்பவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். செங்கடலைக் கடந்த பின் மிரியாம் கையில் மேளம் எடுத்துப் பெண்களோடு ஆடிப் பாடுகிறாள். அடுத்த சில வரிகளுக்குள் மக்கள் மாரா என்னும் இடத்துக்கு வந்து, தண்ணீர் கசப்பாயிருக்கக் கண்டு முறுமுறுக்கிறார்கள். 'கலகம் செய்பவள்' என்று பொருள் கண்டவர்களும் உண்டு. எண்ணாகமத்தில் அவள் மோயீசனையே எதிர்த்துப் பேசித் தொழுநோயால் தண்டிக்கப்பட்டு, ஏழு நாள் பாளையத்துக்கு வெளியே இருந்ததை அறிவோம். அரமேய மொழியின் வழி 'தலைவி' என்பார் சிலர். அக்குடும்பம் எகிப்தில் வாழ்ந்ததாதலால் எகிப்திய மொழியில் 'அன்புக்குரியவள்' என்பதே மூலப்பொருள் என்பார் வேறு சிலர். எனக்கென்னவோ கசப்பும் அன்பும் ஒரே பெயருக்குள் குடியிருப்பதில் வியப்பு ஏதும் தோன்றவில்லை. மகளுக்கு வியாகுலமேரி என்று பெயரிட்டு, அவளை உயிராய் வளர்த்த தாய்மாரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு பொருளின் கதை சுவையானது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் எபிரேயப் பெயர்களுக்கு விளக்கம் எழுதிய புனித எரோணிமுஸ், மரியாள் என்பதைக் 'கடலின் துளி' என்று பிரித்துப் பொருள் சொன்னார் என்பது அறிஞர்களின் துணிபு. இலத்தீனில் துளி என்பது 'ஸ்டில்லா'. ஏடுகளைப் படியெடுத்தவர்களின் கையில் ஓர் உயிரெழுத்து மாறி அது 'ஸ்டெல்லா' ஆயிற்று, துளி விண்மீனாகிவிட்டது. 'கடலின் விண்மீன்' என்னும் அழகிய பட்டம் நிலைபெற்றது. மாலுமிகள் அதைப் பற்றிக்கொண்டார்கள், துறவியர் பாட்டாக்கினார்கள். நம் கடற்கரையூர்களில் இன்றும் ஸ்டெல்லா, ஸ்டெல்லா மேரி என்று எத்தனை பெண்கள்! எழுத்துப் பிழையொன்று இவ்வளவு நன்மை விளைவித்தது வேறெங்கும் உண்டோ, அறியேன். (என் பிழைக்கு இதைச் சாக்காகக் காட்டவில்லை.)

இப்பெயருக்கென்றே ஒரு திருநாளும் உண்டு. 1683-இல் வியன்னா நகரின் முற்றுகை நீங்கியதற்கு நன்றியாகப் பதினோராம் இன்னொசென்ட் பாப்பரசர் அதைத் திருச்சபை முழுவதற்கும் விதித்தார். 1969-இல் நாட்காட்டி திருத்தப்பட்டபோது அது நீக்கப்பட்டது. 2002-இல் வெளிவந்த பூசைப் புத்தகத்தில் செப்டம்பர் 12-ஆம் நாளுக்கு மீண்டும் வந்து சேர்ந்தது.

என் பங்கின் பதிவேட்டில் மட்டுமா ஒரே பெயர் குவிந்து கிடந்தது? நம் ஆண்டவர் வாழ்ந்த காலத்து யூதேயாவிலும் கலிலேயாவிலும் இதே நிலைதான். கல்லறைப் பெட்டிகளில் பொறித்த பெயர்களையும் பழைய எழுத்துக்களையும் தொகுத்து ஆராய்ந்தவர்கள், அக்காலத்துப் பெண்களில் ஐந்தில் ஒருத்தியேனும் மரியாள் என்று கண்டிருக்கிறார்கள். அதற்குக் காரணமும் சொல்கிறார்கள். நாட்டை ஆண்ட மக்கபேயர் வழி வந்த இளவரசி மரியாம்னே. பெரிய ஏரோதின் மனைவி. சந்தேகம் கொண்ட அம்மன்னனே அவளைக் கி.மு. 29-இல் கொலைத் தண்டனைக்கு உட்படுத்தினான். மக்கள் ஏரோதை வெறுத்தார்கள். பழைய அரச குலத்தின் பெயரைத் தங்கள் பெண் மக்களுக்குச் சூட்டி மகிழ்ந்தார்கள். நாசரேத்தில் ஓர் ஏழை வீட்டில் பிறந்த பெண் குழந்தைக்கு அப்பெயர் வாய்த்தபோது அது ஊரெங்கும் ஒலித்த பெயர்.

ஆகவே சுவிசேஷகர்கள் பெயரோடு அடையாளம் ஒன்றையும் சேர்த்து எழுத வேண்டியவர்களானார்கள். இயேசுவின் தாய் மரியாள், லாசரின் சகோதரியாகிய பெத்தானியா மரியாள், கிளேயோப்பாவின் மரியாள், யாகப்பருக்கும் யோசேக்கும் தாயான மரியாள். இறுதி இருவரும் ஒருவரே என்பது பலர் கருத்து. மாற்கு எனப்பட்ட அருளப்பரின் தாய் மரியாள் இன்னொருவர். சிறையிலிருந்து தப்பிய இராயப்பர் இரவில் தேடிச் சென்று கதவைத் தட்டியது அவர் வீட்டைத்தான். உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் முடிவில், உங்களுக்காக மிகவும் உழைத்தவர் என்று சின்னப்பர் ஒரு மரியாளை வாழ்த்துகிறார். அவரைப் பற்றி வேறொன்றும் நமக்குத் தெரியாது. நான்காம் சுவிசேஷத்தில் ஒரு வியப்பைக் காணலாம். இயேசுவின் தாயை அருளப்பர் ஓரிடத்திலேனும் பெயர் சொல்லி எழுதவில்லை. தாய் என்றே எழுதுகிறார்.

மற்ற மரியாள்கள் பெரும்பாலும் மகனைக் கொண்டோ, கணவனைக் கொண்டோ, உடன்பிறப்பைக் கொண்டோ அடையாளம் பெறுகிறார்கள். ஒருவர் மட்டும் ஊரால் அறியப்படுகிறார்: மதலேன் மரியாள். மகதலா கலிலேயக் கடலின் மேற்குக் கரையில் இருந்த ஊர். மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலுக்குப் பேர்போனது. நம் கரையோர மக்களுக்கு அதன் வாடை பழகியதுதான். அங்கே 2009-இல் நிலத்தைத் தோண்டியபோது முதல் நூற்றாண்டுச் செபக்கூடம் ஒன்று வெளிப்பட்டது. இவ்வூர்ப் பெண்ணைக் குறித்து லூக்காஸ் சொல்வது, ஏழு பேய்கள் அவளை விட்டு நீங்கின என்பதும், தன் உடைமையைக் கொண்டு ஆண்டவருக்கும் சீடர்களுக்கும் பணிவிடை செய்தாள் என்பதுமே. அவள் பாவத் தொழில் செய்தாள் என்று நான்கு சுவிசேஷங்களில் ஓரிடத்திலும் இல்லை.

பின் நாமெல்லாம் ஏன் அப்படி நம்பி வளர்ந்தோம்? லூக்காஸ் 7-ஆம் அதிகாரத்தில், ஆண்டவரின் பாதங்களைக் கண்ணீரால் நனைத்த பாவியான பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் கூறப்படவில்லை. அருளப்பர் 12-ஆம் அதிகாரத்தில் பெத்தானியா மரியாள் அவர் பாதங்களில் பரிமளத் தைலம் பூசுகிறாள். தைலம் இரு வரலாறுகளையும் இணைத்தது. மரியாள் என்னும் பெயர் பெத்தானியாளை மதலேனாளோடு இணைத்தது. 591-இல் பெரிய கிரகோரியார் பாப்பரசர் உரோமையில் ஆற்றிய பிரசங்கமொன்றில் இம்மூவரையும் ஒருவரே என்றும், ஏழு பேய்கள் ஏழு தலையான பாவங்களே என்றும் விளக்கினார். கொள்ளைநோயும் போரும் வாட்டிய காலம் அது. மனங்கலங்கிய மக்களுக்கு மன்னிப்பின் நம்பிக்கையை ஊட்ட வேண்டும் என்பதே அவர் கருத்தாயிருந்திருக்கும். அந்நோக்கத்தை நான் குறைகூறேன். ஆனால் ஒருத்தியின் பாவம் இன்னொருத்தியின் தலையில் ஏறியது. இறங்கப் பதின்மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாயிற்று. கிழக்குத் திருச்சபையார் இக்கலப்பை ஏற்கவேயில்லை.

இதன் விளைவு ஓவியங்களோடும் நாடகங்களோடும் நிற்கவில்லை. ஒழுக்கம் தவறியவர்கள் என்று கருதப்பட்ட பெண்களை அடைத்து வைத்த இல்லங்களுக்கு அவள் பெயரையே இட்டார்கள். அயர்லாந்தில் இத்தகைய மதலேன் சலவை இல்லங்களில் இறுதியானது 1996-இல் மூடப்பட்டது. ஊதியமின்றி அங்கே உழைத்த பெண்களிடம் அந்நாட்டு அரசு 2013-இல் மன்னிப்புக் கேட்டது. அவற்றை நடத்தியவர்கள் நம் திருச்சபையின் துறவறத்தார் என்பதை எழுதும்போது என் பேனா தயங்குகிறது. எழுதாமல் விடுவதும் நேர்மையாகாது.

1969 வரை ஜூலை 22-ஆம் நாள் பூசையில் வாசிக்கப்பட்டது பெயரறியாப் பாவியின் வரலாறுதான். அவ்வாண்டின் திருத்தத்தில் அது மாற்றப்பட்டு, உயிர்த்த ஆண்டவரை மதலேன் மரியாள் கல்லறையருகே கண்ட பகுதி இடம்பெற்றது. திருத்தந்தை பிரான்சிசின் விருப்பப்படி 2016-இல் அந்நினைவு நாள் அப்போஸ்தலர்களுக்குரிய திருவிழாவின் நிலைக்கு உயர்த்தப்பட்டது. அப்போஸ்தலர்களுக்கு அப்போஸ்தலி என்று பழையோர் அவளை அழைத்ததும் அப்போது நினைவுகூரப்பட்டது. 2021 முதல் பெத்தானியா மரியாளும் மார்த்தாளோடும் லாசரோடும் ஜூலை 29-இல் தனியே நினைவுகூரப்படுகிறாள். ஏடு திருத்தப்பட்டது. ஆனால் தபசுகாலத் தியானப் பிரசங்கங்களில் பழைய மதலேனாள் இன்னும் விரித்த கூந்தலோடு அழுதுகொண்டுதான் இருக்கிறாள். நானும் இளங்குருவாய் இருந்தபோது அப்படிப் பிரசங்கித்தவனே.

அந்தக் கல்லறைத் தோட்டத்தை எண்ணிப் பாருங்கள். ஆண்டவரைத் தோட்டக்காரர் என்று நினைத்த அவளிடம் அவர் விளக்கம் ஒன்றும் கூறவில்லை. ஊர்ப் பெயரையோ வேறு அடையாளத்தையோ சேர்க்காமல், நாட்டிலே ஐந்தில் ஒருத்திக்கு இருந்த அந்தப் பெயரை மட்டும் சொன்னார். பழைய கிரேக்கப் பிரதிகள் சிலவற்றில் அவ்விடத்தில் 'மரியாம்' என்றே, வீட்டில் அழைக்கும் எபிரேய ஓசையோடு இருக்கிறது. அவள் திரும்பினாள்.

என் பதிவேட்டுக்கு வருகிறேன். மற்ற மரியம்மாளை மரணப் பதிவேட்டில் கண்டேன். நான்கு வயதில் வைசூரியால் இறந்திருந்தாள். அடுத்த முறை அந்தத் தாய் வந்தபோது சொன்னேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

"தெரியும் சாமி. மேலத்தெருப் பிள்ளை. அவளைச் சின்ன மரியான்னும் என்னைப் பெரிய மரியான்னும் கூப்பிடுவாங்களாம். மூணே வாரம்தான் நான் மூத்தவ. எங்கம்மா சொல்லிச் சொல்லி அழுவாங்க. அவளுக்குன்னு யாரும் பூசை வச்சிருக்க மாட்டாங்க, நான் வைக்கிறேன்" என்று முந்தானையில் முடிந்திருந்த பணத்தை எடுத்தார்.

அந்தச் சனிக்கிழமைக் காலைப் பூசையில், மரியம்மாளின் ஆத்தும இளைப்பாற்றிக்காக என்று கருத்தை வாசித்தேன். உடனே கோயிலில் இருந்தவர்கள் திடுக்கிட்டுப் பெண்கள் பக்கத்து முன்வரிசையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே முக்காட்டைச் சரிசெய்தபடி பெரிய மரியம்மாள் உட்கார்ந்திருந்தார். சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பீடத்திலிருந்து எனக்குத் தெரிந்தது. நான் காகிதத்தை மறுபடி எடுத்து, மேலத்தெரு சின்ன மரியம்மாள் என்று திருத்தி வாசித்தேன்.