வடிகாலும் பாசனமே!

தென்காசி என்றதும் குற்றாலச் சாரலும் அருவிகளுமே நினைவுக்கு வரும். அந்த அருவிநீர் பாறையிலிருந்து விழுந்த பிறகு எங்கே போகிறது என்று கேட்போர் குறைவு. அது சிற்றாறாகத் திரண்டு, அனுமன் நதி, கருப்பாநதி போன்றவற்றின் நீரையும் சேர்த்துக்கொண்டு, அணைக்கட்டுகளில் தேங்கி, கால்வாய்கள் வழியே குளங்களை நிறைத்து, நஞ்சைகளை நனைத்து, எஞ்சியது சீவலப்பேரி அருகே தாமிரவருணியில் கலக்கிறது.

இந்த நெடும் பயணத்தில் நாம் கணக்கு வைத்திருப்பது பெரும்பாலும் நீர் வரும் வழிக்குத்தான். எந்தக் கால்வாய்க்கு எத்தனை நாள் முறை, எந்த மடையை எப்போது திறப்பது என்பதற்கெல்லாம் ஊர் வழக்கம் உண்டு. நீதிமன்ற வழக்கும் உண்டு. நீர் வெளியேறும் வழியான வடிகாலுக்கோ உரிமை கோருவார் இல்லை. தாழ்வான நிலங்களில் வேளாண்மை நலிவதற்கு இந்தப் பாராமுகம் ஒரு முதன்மைக் காரணம் என்பது என் கருத்து.

இரு பருவமழைகளும் வாய்த்த பகுதி இது. தென்மேற்குப் பருவத்தில் கார் சாகுபடி. வடகிழக்குப் பருவத்தில் பிசானம். பிசான நெல் இளம்பயிராக நிற்கும் கார்த்திகை, மார்கழியில்தான் பெருமழைகள் வருகின்றன. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களை மூழ்கடித்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. அடுத்த ஆண்டே டிசம்பர் 12, 13 தேதிகளில் குற்றால அருவிகளில் காட்டாற்று வெள்ளம் பாய்ந்தது. தென்காசி மாவட்டத்தின் தாழ்வான பகுதிகளை நீர் சூழ்ந்தது. இத்தகைய மழையைத் தடுக்க எவராலும் இயலாது. ஆனால், ஒரு வயலில் இரண்டு நாளில் வடியும் நீர் அடுத்த வயலில் பத்து நாள் நிற்பதற்கு மழையைக் குறை சொல்ல முடியாது.

நெல் நீரில் வாழும் பயிர்தானே என்று தோன்றலாம். நெல்லின் தண்டிலும் வேரிலும் காற்று செல்லும் குழல் போன்ற இழைமங்கள் உண்டு. அதனால்தான் அது தேங்கிய நீரில் நிற்கிறது. இலைநுனியும் மூழ்கிவிட்டால் அந்த வழி அடைபடும். காற்றில் பரவுவதைவிட ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே உயிர்வளி நீரில் பரவுகிறது, பயிர் மூச்சுத்திணறுகிறது. இரு வாரம் வரை மூழ்கினாலும் மீளக்கூடிய சுவர்ணா சப்-1 நெல் 2009-இல் இந்தியாவில் வெளியிடப்பட்டது, சி.ஆர்.1009 சப்-1 என்ற ரகமும் நம்மிடம் உண்டு. இவை பயிருக்கு அவகாசம் தருமே தவிர, நீரை வெளியேற்றித் தரமாட்டா.

பயிரை விடவும் மண்ணுக்கு நேரும் கேடு நீண்டது. ஓயாமல் நீர் நிற்கும் நிலத்தில் துத்தநாகச் சத்து பயிருக்கு எட்டாமல் போகிறது. நிலத்தடி நீர் மேலேறி, கோடையில் ஆவியாகும்போது உப்பை மேற்பரப்பில் விட்டுச் செல்கிறது. நிலம் உவராகவோ களராகவோ மாறுகிறது. களர் நிலத்துக்கு ஜிப்சம் இடுகிறோம். தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறோம். நல்ல முறைகளே. ஆனால், ஜிப்சம் மண்ணிலிருந்து விடுவிக்கும் சோடியம் நீரோடு வெளியேற வழி இல்லையென்றால் செலவிட்ட பணம் வீண். நெல்லுக்குப் பின் உளுந்து விதைப்பவருக்கும் வயல் உரிய காலத்தில் காய வேண்டும். காயாவிட்டால் அந்த வருவாயும் இல்லை. இந்த இழப்பு எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

வடிகால் ஏன் கேட்பாரற்றுப் போனது? பொருளியல் கற்பித்தவன் என்ற முறையில் எனக்குப் புலப்படும் விடை எளியது. வடிகாலில் மண் தள்ளி அடைப்பவர் கீழே இருக்கிறார். நட்டப்படுபவர் மேலே இருக்கிறார். நட்டப்படுபவர் தம் எல்லைக்குள் எவ்வளவு ஆழமாகத் தூர்வாரினாலும், கீழே அடைப்பு உள்ளவரை பயனில்லை. எல்லோரும் சேர்ந்து செய்தால் எல்லோருக்கும் ஆதாயம். தனியே செய்பவருக்குச் செலவு மட்டுமே. ஆகவே ஒருவரும் செய்வதில்லை.

பழைய ஏற்பாடு இதை அறிந்திருந்தது. நம் குளங்கள் சங்கிலியாக அமைந்தவை. மேல்குளத்தின் மறுகால் நீரும், அதன் வயல்களின் வடிநீரும் கீழ்க்குளத்துக்கு வரத்து. 'வறட்சியில் வாடும் மாவட்டத்தில் நீரை வெளியேற்றச் சொல்வதா?' என்று கேட்போருக்கு இதுவே மறுமொழி: ஒருவரின் வடிகால் அடுத்தவரின் வாய்க்கால். 1858-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் கட்டாய உழைப்புச் சட்டம், வெள்ளச் சேதத் தடுப்பையும் குடிமராமத்து உழைப்பையும் ஒரே சட்டத்தில் வைத்தது. அதன் கட்டாயம் நமக்கு வேண்டாம். இரண்டையும் ஒன்றாகக் கண்ட பார்வை வேண்டும்.

செங்கோட்டைக் கணவாய்க்கு அப்பால் கேரளத்தின் குட்டநாட்டைப் பாருங்கள். கடல் மட்டத்துக்கும் தாழ்ந்த நிலத்தில் அங்கே நெல் விளைகிறது. பாடசேகரம் எனப்படும் வயல்தொகுதியின் உழவர்கள் கூட்டாகச் சேர்ந்து நீரை இறைத்து வெளியேற்றிய பிறகே விதைக்கிறார்கள். வடித்தல் அங்கே தனியார் பாடு அன்று, ஊர்ப்பணி.

பயிர்க் காப்பீடு இருக்கிறதே எனலாம். பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், தனித்தனி வயல்களின் சேதத்தைக் கணக்கிடும் பிரிவிலிருந்து நெல் மூழ்குதல் 2018-இல் நீக்கப்பட்டது. 2026 காரிஃப் பருவம் முதல் மீண்டும் சேர்க்கப்படும் என்று 2025 நவம்பரில் மத்திய அரசு அறிவித்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால், இழப்பீடு ஒரு பருவத்தின் நட்டத்தைத்தான் ஈடுசெய்யும். கெட்டுப்போன மண்ணை மீட்டுத் தராது.

செய்ய வேண்டியவை எளியவை. கிராம நிலப்படங்களில் ஓடை, வாய்க்கால் என்று பதிவான புறம்போக்குகளை அளந்து, எல்லைக்கல் நட வேண்டும். புதிய சாலைக்கும் மனைப்பிரிவுக்கும் ஒப்புதல் தருமுன், அங்குள்ள சிறுபாலம் பெருமழை நீரைக் கடத்துமா என்று கணக்கிட வேண்டும். 2000-ஆம் ஆண்டின் விவசாயிகள் நீர்ப்பாசன முறை மேலாண்மைச் சட்டத்தின் கீழ் அமைந்த நீரினைப் பயன்படுத்துவோர் சங்கங்கள், கார் அறுவடைக்கும் வடகிழக்குப் பருவத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் வடிகாலைத் தூர்வாருவதை ஆண்டுக் கடமையாக ஏற்க வேண்டும். தூர்வாரும் பணி கடைமடையிலிருந்து மேல்நோக்கிச் செல்வது நலம். கீழே வழி திறந்தால்தான் மேலே நீர் இறங்கும்.

குளத்தை ஆழப்படுத்தினால் படம் எடுத்து மகிழலாம். வடிகாலைத் தூர்வாரினால் படம் எடுக்க ஏதுமிராது. ஆயினும், அடுத்த மார்கழியில் பள்ளத்து வயலின் பயிர் தலைதூக்கி நிற்குமா என்பதை முடிவு செய்யப்போவது கவனிப்பாரற்ற அந்தச் சிறு ஓடையே.