வீட்டுப் பூனையும் காட்டுப் பறவையும்

பூனை வளர்ப்பவர் வனவுயிர்களையும் நேசிப்பவராக இருத்தல் கூடுமா? இவ்வினாவுக்கு நியூஸிலாந்தின் ஸ்டீபன்ஸ் தீவு தக்கதொரு பாடம் புகட்டுகிறது. 1894-ஆம் ஆண்டில் அங்கே கலங்கரை விளக்கம் ஏற்றப்பெற்றது. பணியாளருடன் பூனையும் வந்து சேர்ந்தது. ‘லயல் ரென்’ என்னும், பறக்கும் ஆற்றலற்ற சிறு பறவைக்கு அத்தீவே கடைசிப் புகலிடம். பூனை கொன்று கொணர்ந்த உடல்களைக் கொண்டே அவ்வினத்தை விஞ்ஞானிகள் அறிந்தனர். பூனைகள் பெருகிக் காட்டில் திரிந்தன. சில ஆண்டுகளுக்குள் அப்பறவை அடியோடு அழிந்தது.

பூனையைக் குறை கூறுதல் பொருந்தாது. வேட்டை அதன் இயல்பு. பசி தீர்ந்த பூனையும் வேட்டையாடும். பொறுப்பு வளர்ப்பவருடையதே. இங்கிலாந்தில் நடத்தப்பெற்று 2021-இல் வெளியான ஆய்வொன்றில், இறைச்சி மிகுந்த உணவு பெற்ற பூனைகள் வீட்டுக்குக் கொணர்ந்த இரை 36 சதவீதமும், நாள்தோறும் 5 முதல் 10 நிமிடம் விளையாடவைக்கப்பெற்றவை கொணர்ந்த இரை 25 சதவீதமும் குறைந்தன. கழுத்தில் மணி கட்டியதால் குறிப்பிடத்தக்க பயன் விளையவில்லை.

ஆதலின், பறவைகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் பூனையை வீட்டினுள் வைத்தல், கருத்தடை செய்வித்தல், வேண்டாத குட்டிகளைக் காட்டோரத்தில் விடாதிருத்தல் ஆகியவற்றைக் களப்பணியாளரும் ஆசிரியரும் மக்களுக்கு எடுத்துரைத்தல் வேண்டும். இவற்றைக் கடைப்பிடிப்பவரிடத்து இவ்விரு அன்பும் முரண்படா.