பாலைவனத்தில் தண்ணீர் யாருக்கு?

குடும்பத்தோடு காரில் வெளியூர் புறப்படும்போது குளிர்சாதனம் வேலை செய்கிறதா என்றுதான் நாம் முதலில் பார்ப்போம். 1920ஆம் ஆண்டுவாக்கில் அமெரிக்காவின் கலிபோர்னியா பாலைவனத்தைக் காரில் கடந்த குடும்பங்களுக்கு வேறு கவலை. கையிலிருக்கும் தண்ணீர் பிள்ளைகளுக்கா, இயந்திரத்துக்கா?

அக்காலக்கட்டத்தில் சாதாரணக் குடும்பங்களுக்கு எட்டிய கார் ஃபோர்டு நிறுவனத்தின் 'மாடல் டி'. 1908 முதல் 1927 வரை ஒன்றரைக் கோடி வண்டிகள் தயாராயின. திறனோ வெறும் 20 குதிரைசக்தி! ஆரம்பகால வண்டிகள் சிலவற்றைத் தவிர, மற்றவற்றில் தண்ணீரைச் சுழற்றும் பம்ப் இல்லை. சூடான நீர் தானாக மேலேறும். ரேடியேட்டரில் ஆறிய நீர் கீழிறங்கும். சமதரையில் இது போதும். சக்கரம் மணலில் புதைந்து இயந்திரம் திணறினால் நீர் கொதித்து ஆவியாகிவிடும். மறுபடியும் ஊற்ற வேண்டும். குடும்பத்திலேயே அதற்குத்தான் தாகம் அதிகம்! கொடுக்காவிட்டால் வண்டி நின்றுவிடும். ஆளில்லாத வெயிலில் வண்டி நின்றால் பிள்ளைகளின் கதி என்ன?

அதனால்தான் காருக்கு வெளியே கித்தான் பைகளில் தண்ணீரைத் தொங்கவிட்டார்கள். நம் மண்பானை வித்தைதான். துணியில் கசியும் நீர் காற்றில் ஆவியாக, உள்ளிருக்கும் நீர் குளிரும். வெயிலுக்கு அஞ்சி இரவில் பயணம் செய்தவர்களும் உண்டு.

பெட்ரோலுக்கும் பம்ப் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் முன் இருக்கையின் அடியிலிருந்த டாங்கியிலிருந்து அது தானாக வழிந்து வரவேண்டும். டாங்கியில் பெட்ரோல் குறைந்திருந்தால் செங்குத்தான மேட்டில் அது இயந்திரத்தை எட்டாது. எனவே வண்டியைத் திருப்பிப் பின்பக்கமாகவே மேடேற்றினார்கள்.

இவர்களை மிகவும் சோதித்த இடம், யூமா நகருக்கு மேற்கேயுள்ள மணற்குன்றுகள். அங்கே 1915இல் மணல்மேல் பலகைகளைப் பரப்பிச் சாலை போட்டார்கள். அது தாங்காததால் 1916இல் 8 அடி அகலத்தில் புதிய பலகைச் சாலை வந்தது. நீளம் சுமார் 10 கிலோமீட்டர். காற்றடித்தால் மணல் மூடிவிடும்; குதிரைகளைக் கட்டி வாரவேண்டும். ஒரு கார் மட்டுமே போகலாம். ஆங்காங்கே ஒதுங்க இடமுண்டு. இடையில் இரண்டு வண்டிகள் எதிரெதிரே வந்துவிட்டால்? ஒருவர் பின்வாங்கியே ஆகவேண்டும். பலகையைவிட்டு இறங்கினால் மணல் விழுங்கிவிடும். இரு பக்கமும் பிள்ளைகள் வெயிலில் காத்திருக்க, யார் விட்டுக்கொடுப்பது என்ற சண்டைக்குக் கேட்கவா வேண்டும்?

1926இல் தார்ச்சாலை வந்ததும் பலகைகள் கைவிடப்பட்டன. பிற்காலத்தில் அங்கு முகாமிட்டவர்கள் பலவற்றை விறகாக எரித்துவிட்டார்கள். எஞ்சியவற்றைச் சேர்த்துவைத்த ஒரு பகுதியை இன்றும் அங்கே காணலாம்.