கடலின் தராசு சாய்கிறது



கெங்கவல்லியில் இருந்துகொண்டு கடலைப் பற்றிப் பேசுவதா என்று நீங்கள் வியக்கக்கூடும். பச்சைமலையும் கொல்லிமலையும் அரண்போல் நிற்க, நெல்லும் மரவள்ளியும் விளையும் உள்நாட்டுப் பூமி இது. இங்கு வாழ்வோரில் கடலையே கண்டிராதவர்கள் இன்றும் உண்டு. வாரச்சந்தையில் வாங்கும் கருவாடும், சமையற்கட்டில் இருக்கும் உப்பும்தான் பலருக்குக் கடலோடு உள்ள உறவு.

ஆயினும் நம் ஊரையொட்டி ஓடும் சுவேத நதியை எண்ணிப் பாருங்கள். தம்மம்பட்டி, கெங்கவல்லி, வீரகனூர் என்று ஊர்களைத் தொட்டுச் செல்லும் அந்நதி, வசிஷ்ட நதியோடு கலந்து வெள்ளாறாகிக் கிழக்கே செல்கிறது. அது கடலைச் சேரும் இடம் பரங்கிப்பேட்டை. நம் முன்னோர் மஹ்மூது பந்தர் என்றழைத்த அதே துறைமுகப் பட்டினம். கெங்கவல்லிக்கு ஏறத்தாழ நேர் கிழக்கே, நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது அவ்வூர். வெள்ளாற்று முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் ஆய்வு மையம் அமைந்திருப்பதும் அங்கேதான். ஆற்றில் நாம் விடுவது கடலைச் சேரும் என்பதை அனைவரும் அறிவோம். காற்றில் நாம் விடுவதும் கடலைச் சேர்கிறது என்பதைத்தான் பலரும் அறிவதில்லை.

காற்றில் கூடிய கரி

அடுப்பில் விறகு எரிந்தாலும், வண்டியில் பெட்ரோல் எரிந்தாலும், மேட்டூர் அனல் மின் நிலையத்தில் நிலக்கரி எரிந்தாலும் வெளியேறுவது கரியமில வாயு. தொழிற்புரட்சிக்கு முன்பு காற்றில் பத்து லட்சம் பங்குக்கு 280 பங்கு என்ற அளவில் இவ்வாயு இருந்தது. 1958-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி சார்லஸ் டேவிட் கீலிங், ஹவாய்த் தீவிலுள்ள மௌனா லோவா மலையில் இதை அன்றாடம் அளக்கத் தொடங்கியபோது அது 315 ஆகியிருந்தது. 2024-இல் 420-ஐத் தாண்டிவிட்டது.

இவ்வாயு பூமியைப் போர்வைபோல் மூடி வெப்பத்தைப் பெருக்குகிறது என்பதை நாம் படித்திருக்கிறோம். ஆனால் மனிதர் வெளியேற்றும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைக் கடல் தன்னுள் வாங்கிக்கொள்கிறது. கடல் இந்தச் சுமையைத் தாங்காதிருந்தால் இன்றைய வெப்பம் இன்னும் கடுமையாக இருந்திருக்கும். அந்த வகையில் கடல் நமக்குப் பேருபகாரம் செய்திருக்கிறது. அந்த உபகாரத்திற்காகக் கடல் கொடுக்கும் விலை என்ன என்பதே நம் கட்டுரையின் பொருள்.

கோலி சோடாவும் கடல் நீரும்

கோலி சோடாவைப் பருகும்போது நாவில் சுருக்கென்று ஒரு புளிப்பு தட்டுகிறதல்லவா? தண்ணீரில் கரியமில வாயுவை அழுத்திக் கரைத்ததால் உண்டான கார்பானிக் அமிலத்தின் சுவை அது. கடலிலும் இதுவேதான் நிகழ்கிறது. கரைந்த வாயு நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. அந்த அமிலம் ஹைட்ரஜன் அயனிகளை வெளியிடுகிறது.

நீரின் அமில, காரத் தன்மையை அளக்க டென்மார்க் நாட்டு விஞ்ஞானி சோரன்சன் 1909-இல் ஓர் அளவுகோலை வகுத்தார். பி.எச். என்பது அதன் பெயர். இதில் 7 என்பது நடுநிலை. அதற்குக் குறைந்தால் அமிலம், கூடினால் காரம். தொழிற்புரட்சிக்கு முன் கடலின் மேற்பரப்பு நீர் ஏறத்தாழ 8.2 என்ற அளவில் இருந்தது. இப்போது 8.1 அளவிற்கு இறங்கியுள்ளது.

'புள்ளி ஒன்றுதானே!' என்று அலட்சியம் செய்துவிடாதீர்கள். இந்த அளவுகோலில் ஒரு படி இறங்கினால் அமிலத் தன்மை பத்து மடங்கு கூடும். புள்ளி ஒன்று இறங்கியதற்கே ஹைட்ரஜன் அயனிகள் கால் பங்குக்கு மேல் பெருகிவிட்டன. கரியமில வாயு கட்டுப்பாடின்றிப் பெருகினால் இந்நூற்றாண்டின் இறுதியில் 7.8 அளவிற்கோ அதற்கும் கீழேயோ இறங்கும் என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வாறாயின் பழைய நிலையைப் போல் இரண்டரை மடங்கு அயனிகள் கடலில் இருக்கும்.

இங்கே ஓர் ஐயத்தைத் தீர்த்துவிடுவோம். கடல் நீர் அமிலமாகிவிட்டது, மீன் உண்ணலாகாது என்று எவரும் அஞ்ச வேண்டியதில்லை. கடல் இன்னமும் காரத் தன்மையோடுதான் இருக்கிறது. அது அமிலத்தின் பக்கம் நகர்கிறது என்பதே செய்தி. உண்ணும் நமக்கு அதனால் இன்று கேடில்லை. கடலில் வாழும் உயிர்களுக்கே கேடு.

ஒரு கிண்ணம் சுண்ணாம்புத் தெளிநீர்

பெற்றோர்களே, உங்கள் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். வெற்றிலைக்குப் பூசும் சுண்ணாம்பில் சிறிதளவு எடுத்து, ஒரு செம்பு நீரில் கரைத்து, இரவு முழுவதும் தெளிய விடுங்கள். மேலுள்ள தெளிநீரை மட்டும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வடித்து, உறிஞ்சு குழாய் வழியே அதனுள் மெல்ல ஊதுங்கள். உள்ளே உறிஞ்சிவிடாதபடி பெரியவர் எவரேனும் உடனிருப்பது அவசியம்.

நாம் விடும் மூச்சிலும் கரியமில வாயு உண்டல்லவா? சற்று நேரத்தில் நீர் பால்போல் வெளுக்கும். அந்த வெண்மைதான் கால்சியம் கார்பனேட். கிளிஞ்சல், சிப்பி, சங்கு, பவளம், முத்து யாவும் அப்பொருளால் ஆனவையே. நிறுத்தாமல் மேலும் ஊதிக்கொண்டே இருங்கள். வெண்மை மெல்ல மெல்லக் கரைந்து நீர் மீண்டும் தெளிந்துவிடும். அளவோடு இருந்தபோது ஓட்டுப் பொருளை உண்டாக்கிய அதே வாயு, அளவு மீறியபோது அதைக் கரைத்துவிடுகிறது.

கடலில் நடப்பதும் இத்தகையதே. சிப்பியும் பவளப் பூச்சியும் தம் ஓட்டைக் கட்டுவதற்குக் கடல் நீரிலுள்ள கார்பனேட்டைச் செங்கல்போல் எடுத்துக்கொள்கின்றன. பெருகிவரும் ஹைட்ரஜன் அயனிகள் அந்தக் கார்பனேட்டோடு தாமே கூடி அதை வேறொன்றாக மாற்றிவிடுகின்றன. கொத்தனார் இருக்கிறார், மனையும் இருக்கிறது. செங்கல் மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. வீடு எப்படி எழும்? கார்பனேட் மிகவும் குறைந்துவிட்டால் கட்டிய வீடும் கரையத் தொடங்கும்.

இது வெறும் ஊகமன்று. அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள ஓரிகன், வாஷிங்டன் மாநிலங்களில் சிப்பிக் குஞ்சு பொரிக்கும் பண்ணைகளில் 2007 முதல் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக மடிந்தன. முதலில் நோய் என்று எண்ணினர். அமிலத் தன்மை மிகுந்த ஆழ்கடல் நீர் மேலெழுந்து பண்ணைக்குள் வந்ததே காரணம் என்பது பின்னர் தெளிவாயிற்று. பிறந்த இரண்டே நாட்களில் முதல் ஓட்டைக் கட்டியாக வேண்டிய குஞ்சுகளுக்கு அதைக் கட்டச் சக்தி போதவில்லை. தென்துருவக் கடலில் 2008-இல் சேகரித்த சிறு நத்தையினங்களின் ஓடுகள் அரிக்கப்பட்டிருந்ததை 2012-இல் ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது.

முத்தும் பவளமும் நம் கரையில்

முத்தையும் பவளத்தையும் அருட்கொடைகளாக எடுத்துரைப்பது திருமறையின் ஸூரத்துர் ரஹ்மான் அத்தியாயம். அதே அத்தியாயம் மீஸான் என்னும் தராசைப் பற்றியும் பேசுகிறது. நிறுவையில் வரம்பு மீறலாகாது என்றும் எச்சரிக்கிறது. திருமறையை விஞ்ஞானப் பாடநூலாக்க நாம் முனையவில்லை. ஆனால் முத்து, பவளம், தராசு ஆகிய மூன்றையும் ஒரே அத்தியாயத்தில் ஓதிவரும் நமக்கு, இச்செய்தி மற்றவரைவிடச் சற்று ஆழமாக உறைக்க வேண்டாமா?

தமிழக முஸ்லிம்களுக்கு இது தூரத்துக் கதையுமன்று. கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரைப் பட்டினங்களின் வரலாறே முத்துக் குளிப்பு, சங்கு குளிப்பு, கப்பல் வாணிகம் ஆகியவற்றோடு பின்னியது. மூச்சடக்கி மூழ்கிக் கடலடியிலிருந்து சிப்பியும் சங்கும் எடுத்துவந்த உழைப்பாளிகளின் சந்ததியினர் நம்மிடையே வாழ்கின்றனர். தமிழகக் கரையில் பெரிய அளவிலான முத்துக் குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுவிட்டது. அதற்குக் காரணங்கள் வேறு. ஆனால் எஞ்சியிருக்கும் சிப்பியினங்களுக்கு இப்போது புதியதோர் இடர் நேர்ந்திருக்கிறது.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986-இல் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டன. அவற்றைச் சூழ்ந்துள்ள பவளப் பாறைகளை முன்னர் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்தனர். அரண் போனதால் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரு தீவுகள் நீரில் மூழ்கின. 2001-இல் பவளங்கள் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் கடுமையான பாதுகாப்புக்குள் கொண்டுவரப்பட்டன. வெட்டுவதைச் சட்டத்தால் தடுக்க முடிந்தது. கடல் சூடேறியதால் 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் அப்பவளங்கள் வெளுத்துப் போயின. அதைத் தடுக்க முடியவில்லை. வெளுத்த பவளம் மீண்டும் வளர்ந்து தேறுவதற்குக் கார்பனேட் வேண்டும். அதையும் அமிலம் பறிக்குமானால் அது எவ்வாறு தேறும்?

வங்கக் கடலில் இன்னொரு சுமையும் உண்டு. நிலத்திலிருந்து காற்றோடு செல்லும் புகையிலுள்ள கந்தக, நைட்ரஜன் பொருட்களும் கரையோர நீரின் அமிலத் தன்மையைக் கூட்டுகின்றன என்பதை தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2015-இல் எடுத்துக்காட்டினர். உள்நாட்டுப் புகைக்குக் கடலில் கணக்குண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

நாம் செய்யத்தக்கது யாது?

நியாயத்தை நியாயமாகச் சொல்வோம். காற்றில் சேர்ந்த கரியின் பெரும்பகுதி, நெடுங்காலமாகத் தொழில் பெருக்கிய செல்வந்த நாடுகள் விட்டது. கெங்கவல்லியில் ஒரு வீட்டில் ஒரு விளக்கை அணைப்பதால் கடல் தேறிவிடாது. எனினும் இன்று ஆண்டுதோறும் கரியை வெளியேற்றும் நாடுகளில் நம் பாரதம் மூன்றாம் இடத்தில் நிற்கிறது. 2070-க்குள் நிகர வெளியேற்றத்தை இல்லாமலாக்குவோம் என்று 2021-இல் கிளாஸ்கோ மாநாட்டில் நம் அரசு வாக்களித்துள்ளது. அந்த வாக்கு நிறைவேற மக்களின் ஒத்துழைப்பும், மக்கள் கேட்கும் கேள்வியும் இரண்டுமே தேவை.

ஓடும் ஆற்றங்கரையில் அமர்ந்து ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பித்தவர்கள் நம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள். ஆற்றில் நீர் குறைந்துவிடும் என்பதற்காக அன்று அப்போதனை. வீண்விரயம் என்னும் குணம் மனிதனிடம் வளர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே. இந்த ஒரு போதனையை மின்சாரத்திற்கும் பெட்ரோலுக்கும் நாம் பொருத்திப் பார்க்கலாகாதா?

திருமண வீட்டில் மூன்று நாட்கள் இரவு பகலாக எரியும் அலங்கார விளக்குகள் எதற்கு? நடந்து செல்லும் தூரத்திலுள்ள பள்ளிவாசலுக்கு வண்டி எதற்கு? குப்பையைக் கொளுத்தும் பழக்கத்தைக் கைவிடலாம். வசதியுள்ள ஜமாஅத்தார் பள்ளிவாசல் மாடியில் சூரிய மின்தகடு அமைக்கலாம். பள்ளிவாசல் நிலங்களிலும் கபரஸ்தான் ஓரங்களிலும் மரங்கள் நடலாம். ஜும்ஆ மேடையில் ஆலிம் பெருமக்கள் இதைப் பற்றி ஆண்டுக்கு ஒரு முறையேனும் பேசலாம். தாய்மார்களே, அடுத்த முறை சந்தையில் கருவாடு வாங்கும்போது உங்கள் பிள்ளைகளுக்குக் கடலின் இந்தக் கதையைச் சொல்லுங்கள். நாளை அவர்களில் ஒருவர் கடலாய்வாளராகக்கூடும். ஒருவர் சட்டமியற்றும் சபையிலும் அமரக்கூடும்.

கடல் நமக்குச் சொந்தமானதன்று. நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அமானிதத்தைப் பெற்றபடியே திருப்பித் தருவதுதான் முஃமினின் இலக்கணம். இத்தராசைச் சாய்த்ததில் நம் கையும் உண்டு என்பதை உணர்ந்து, அதை நிமிர்த்தும் பணியிலும் நம் கை சேர வல்ல நாயன் நமக்கெல்லாம் தௌஃபீக் செய்வானாக! ஆமீன்.