முகப்பருவும் விற்றமின் குளிசையும்: சான்று எது?

மாணவர்களே, முகப்பருவுக்கென்று நாகக் குளிசை, விற்றமின் போத்தல், குடலுக்கு நன்மை செய்யும் பற்றீரியா அடங்கிய கப்சியூல் எனப் பலவும் விற்கப்படுகின்றன. என் கொட்டாஞ்சேனை வகுப்பு மாணவி ஒருத்தி பஸ் காசை மிச்சம்பிடித்து இப்படியொரு போத்தல் வாங்கியிருந்தாள். “ஒரு மாசத்தில குறைஞ்சிட்டுது சேர்” என்றாள். அவளுக்குச் சொன்ன பதிலையே இங்கு எழுதுகின்றேன். நான் கலைப் பட்டதாரி. மருந்து சொல்ல வரவில்லை.

பூப்புப் பருவத்தில் ஓமோன்களின் தூண்டலால் தோலின் நெய்ச்சுரப்பிகள் மிகையாகச் சுரக்கின்றன. மயிர்ப்புடைப்பின் வாய் அடைபடுகின்றது. உள்ளே பற்றீரியாக்கள் பெருகி அழற்சி உண்டாகின்றது. இதுவே பரு. முகம் கழுவாததால் வருவதன்று.

பரு தானாகக் கூடும், தானாகக் குறையும். மிக மோசமான நாளிற்றான் நாம் மருந்து தேடுகின்றோம். பின்னர் குறைந்தால் பெயர் குளிசைக்குப் போய்விடும். இதனைப் பிரித்தறியவே கட்டுப்பாட்டுக் குழு வேண்டும். 2007இல் வெளியான அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் 15 முதல் 25 வயது வரையான 43 ஆண்கள் பங்குபற்றினர். குருதியில் குளுக்கோசை விரைவாக ஏற்றாத உணவை உண்ட குழுவில், 12 வாரங்களில் சராசரியாக 23.5 பருக்கள் குறைந்தன. அவ்வுணவை உண்ணாத கட்டுப்பாட்டுக் குழுவிலும் 12 குறைந்தன! அம்மாணவியின் ஒரு மாதம் இந்தப் பன்னிரண்டுக்குள் அடங்கியிருக்கலாம். உணவு மாற்றிய குழுவினரின் உடல் நிறையும் குறைந்தது. எனவே பலன் எதனால் என்பது இங்கும் முற்றாகத் தெளிவில்லை. எனினும் மென்பானத்தையும் சீனியையும் குறைத்துப் பார்ப்பதற்குச் செலவில்லை.

நாகத்துக்கு ஓரளவு சான்று உண்டு. 2001இல் வெளியான பிரெஞ்சு ஆய்வொன்றில் 332 நோயாளரில் ஒரு பகுதியினருக்கு நாகமும், மற்றையோருக்கு மினோசைக்கிளின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லியும் 3 மாதம் கொடுக்கப்பட்டன. நாகம் 31.2 வீதத்தினருக்கும், மினோசைக்கிளின் 63.4 வீதத்தினருக்கும் நல்ல பலன் தந்தன. ஆனால் மருந்தற்ற வெறும் குளிசை பெற்ற குழு அதில் இல்லை. அந்த 31.2இல் தானாகக் குறைந்தது எவ்வளவு?

குடற் கதை பழையது. மனக்கவலை குடற் பற்றீரியாக்களை மாற்றி, அதன்வழி தோலில் அழற்சியை ஏற்படுத்தலாம் என ஸ்டோக்ஸ், பில்ஸ்பரி என்னும் அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் 1930இலேயே கருதுகோள் முன்வைத்தனர். பின்வந்த பரிசோதனைகளில் சில பலன் காட்டினாலும், பெரும்பாலானவை சிறியவை. ஒவ்வொன்றிலும் வெவ்வேறு பற்றீரியா. தயிரை உணவாக உண்ணுங்கள், மருந்தாக எண்ணவேண்டாம்.

‘விற்றமின்தானே, தீங்கில்லை’ என்பதும் பிழை. விற்றமின் ஏ மிகைத்தால் ஈரல் பாதிப்படையும். நாகம் மிகைத்தால் செம்பின் அகத்துறிஞ்சல் குறையும். விற்றமின் பி12 சிலருக்குப் பருவைத் தூண்டுவதும் அறியப்பட்டதே. தழும்பு விழும் அளவுக்குப் பரு இருந்தால், போத்தல் வாங்கும் காசை வைத்துக்கொண்டு அரசாங்க வைத்தியசாலையின் தோல் நோய் கிளினிக்குக்குச் செல்லுங்கள். அங்கே கட்டணமில்லை.

பயிற்சி: 1969இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில் ஒரே ஆட்களுக்கு முதலில் ஒன்றும் பின்னர் மற்றதுமாக, சொக்கிலேற்றும் கொக்கோ அற்ற இனிப்பும் கொடுக்கப்பட்டன. பருவில் வேறுபாடு காணப்படவில்லை. இரண்டிலும் சீனியும் கொழுப்பும் ஏறத்தாழச் சமம். ‘இனிப்புக்கும் பருவுக்கும் தொடர்பில்லை’ என இதிலிருந்து முடிவு செய்யலாமா? காரணம் தருக.